சோலைவரி

கோப்பை மூடச் சொல்கிறார் பொறுப்பதிகாரி.
கொம்பனித்தெரு, பாய்க்காரன் ஒழுங்கை,
அறுபத்தொரு ஆதனம், அத்தனையும் இடித்தாயிற்று.
மூடுமுன் படித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை.
நானாகத்தான் படித்தேன்
தூசிக்குத் தும்மித் தும்மி.

மரம் என்று ஒன்று இருந்ததில்லை அங்கே.
ஆனாலும் வரிக்குப் பெயர் சோலைவரி.
எதிரெதிரே இரண்டு குடை வந்தால்
ஒருவர் மடக்கிக்கொண்டு நனைய வேண்டும்.
அது பற்றியும் ஒரு முறைப்பாடு இருக்கிறது, 1931,
அழகான கையெழுத்தில்.

முதல் பக்கத்தில் 42 வெறும் 42.
வெள்ளைக்காரனின் வண்டிக் குதிரைகள் நின்ற கொட்டில்.
குதிரைகள் போய் ஆட்கள் வந்தபோது
பென்சிலால் ஒரு சாய்கோடு.
42/1, துறைமுகத்தில் மூட்டை சுமந்த சந்தனப்பிச்சை.
42/2, பொலிஸ் பேண்டில் ட்ரம்பெட் ஊதிய துவான் மிஸ்கின்.
42/3, சீனத்துப் பல்வைத்தியர் ஹூ.
அவர் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
இளஞ்சிவப்பு முரசோடு
யாருடையதும் அல்லாத ஒரு சிரிப்பு.
பட்டுத்துணி விற்கக் கப்பலேறி வந்தவராம்.
ஒழுங்கையில் பட்டு வாங்க ஆளில்லை,
பல்வலி மட்டும் வீட்டுக்கு வீடு இருந்தது.

மகள் கலியாணம் முடித்தால் ஒரு சாய்கோடு.
மருமகன் கோபித்தால் நடுவில் ஒரு பலகைத்தட்டி,
இலக்கத்துக்குப் பின்னால் ஒரு ஏ.
பியசீலியின் அப்பச்சட்டிகூட
அக்காவின் குசினியைப் பிரிந்து
அரை இலக்கமாகப் போனது.
தண்ணீர்ப் பைப் கடைசிவரை ஒன்றுதான்.

பிறகு எண்பத்துமூன்று, ஆடி.
கோப்பில் அந்த மாதத்துக்குத் தாளே இல்லை.
எனக்குச் சொன்னது ஜெசீமா, மிஸ்கினின் பேத்தி,
பழைய பற்றுச்சீட்டொன்று தேடிக் கவுண்டருக்கு வந்தவள்.
வரிசை பின்னால் முணுமுணுத்தது.
வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல்,
பெயரும் இலக்கமும் தட்டச்சில், பிழையில்லாமல்.
சந்தனப்பிச்சையின் மகன் குடும்பம், ஐந்து பேர்,
ஹூவின் பல்பிடுங்கும் கதிரைக்குப் பின்னால்.
முதல்நாள் இரவு அவள் வாப்பா ஜுமாத்
தார் வாளியோடு ஒழுங்கை முழுக்க நடந்தார்.
நான்கை ஒன்பதாக்கினார். கோடுகளைப் புரட்டினார்.
கக்கூசுக்கும் ஹூவின் பின்பக்கத்துக்கும் நடுவே
கதவே இல்லாத வெறும் சுவரில்
42/7பீ என்று எழுதினார்.
காலையில் வந்தவர்கள் எண்ணிக்கொண்டே போனார்கள்,
எண்ணிக்கொண்டே திரும்பினார்கள்.
ஒருவன் அந்தச் சுவரை உதைத்துப் பார்த்தான்.
42/11 எரிந்தது, தையல் மெஷினோடு.
அதுவரைக்கும் தார் போதவில்லை.
இதைச் சொல்லும்போது ஜெசீமா
என் முகத்தைப் பார்க்கவில்லை.
பற்றுச்சீட்டை நாலாக மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள்.

எண்பத்தைந்தில் புதிய மதிப்பீட்டாளர் வந்தார்.
சுவரில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்.
42/7பீ. உரிமையாளர் தெரியாது. வருடத்துக்கு ஐம்பது ரூபா.
காலாண்டுக்கொரு அறிவித்தல் போனது.
காலாண்டுக்கொருமுறை திரும்பி வந்தது,
'கதவு பூட்டியிருந்தது' என்ற குறிப்போடு.
இருபத்தாறு வருடம், மூன்று தபால்காரர்கள்,
மூன்று கையெழுத்து.
ஒருவரும் கதவு இல்லை என்று எழுதவில்லை.

இப்போது அங்கே முப்பத்தெட்டு மாடி எழும்புகிறது.
கிரேனின் கழுத்தில் சீன எழுத்து.
என்ன எழுதியிருக்கிறது என்று ஹூவின் பேரனைக் கேட்டேன்.
அவருக்குத் தெரிந்தது சிங்களமும் கொஞ்சம் தமிழும்.
கொம்பனியின் பெயராக்கும் என்றார்.
ஒழுங்கைச் சனம் தெமட்டகொடைப் பக்கம், தொடர்மாடியில்,
சாய்கோடில்லாத இலக்கங்களில்.
லிப்ட் பழுது என்று முறைப்பாடு வருகிறது,
கையெழுத்து முன்போல் இல்லை.

அறுபது ஆதனத்துக்குச் சிவப்புக் கோடு இழுத்தேன்.
ஒவ்வொன்றுக்கும் இடித்த சான்றிதழ் இணைத்தேன்.
42/7பீக்குச் சான்றிதழ் இல்லை.
அதை யாரும் இடிக்கவில்லை.
நிலுவை ஆயிரத்து முந்நூறு ரூபா, தண்டம் வேறு.
கோப்பைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன்.
பொறுப்பதிகாரி கேட்டால்
கதவு பூட்டியிருந்தது என்பேன்.